சாம்பல் கட்டம்

சனிக்கிழமை, ஆறேகால்.
காங்கயம் ரோட்டுக் கம்பெனியில்
பட்டுவாடா மேசை போட்டாகிவிட்டது.
நாற்பத்தொரு பேருக்கு ரசீது சரி.
ஆறு பேருக்கு மட்டும்
பீஸ் உண்டு, ரேட் இல்லை.

முதல் ரசீது மயிலாத்தாளுடையது.
ஓவர்லாக், மூன்றாம் லைன்,
ஆயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டு பீஸ்.
கூலி 0.00.
“ஏனுங், இந்த வாரம் நா
வேலைக்கே வரலீங்களா?” என்று
கணக்கர் சென்னியப்பனைக் கேட்டாராம்.
அவர் எனக்குப் போன் போட்டார்.

ரேட்டை லைன் சூப்பர்வைசர் தொடக்கூடாது
என்று முதலாளி சொன்னதால்
அந்தக் கட்டத்தை முடக்கியது நான்தான்.
ஒரே ஒரு சொல் போதும்,
கிரே மெலாஞ்ச் பனியன் மாதிரி
சாம்பல் பூத்துவிடும்.
உள்ளே 1.85 தெரியும்.
கர்சர் இறங்காது.

வியாழக்கிழமை
அந்த ஆறு பேருக்கும் பி.எஃப். நம்பர் திருத்தி
‘சேமி’யை அழுத்தியிருக்கிறார்கள்.
பெயர் கிளம்பியது, லைன் கிளம்பியது,
புது நம்பர் கிளம்பியது.
முடக்கிய கட்டம் மட்டும் பஸ் ஏறவில்லை.
பிரவுசரின் வழக்கம் அப்படி:
முடங்கியதை வெற்றாகக்கூட அனுப்பாது,
அப்படி ஒன்று இருந்ததாகவே பேசாது.

இந்தப் பக்கம், சர்வரில்,
நான் எழுதி வைத்தது:
வந்ததை வரிசையாகப் பதி.
வராததை?
யோசிக்கவில்லை.
நான் யோசிக்காத இடத்தில்
ஃபிரேம்வொர்க் தானாக யோசித்து
வெறுமையைப் பதித்துவிட்டது.

இல்லை என்பது ஒன்று.
சொல்லவில்லை என்பது வேறொன்று.
பூஜ்யம் இரண்டுமில்லை, அது ஒரு கணக்கு.
மூன்றையும் ஒரே மூட்டையில் போட்டுக் கட்டி
மயிலாத்தாள் கையில் கொடுத்திருக்கிறேன்.

அன்றிரவே அவசரமாக
சாம்பல் கட்டத்துக்குப் பின்னால்
கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கட்டம்.
1.85 அதில் ஏறி ஒழுங்காக வந்து சேர்ந்தது.
“இத்தனைதானுங்களா?” என்றார் சென்னியப்பன்.
இத்தனைதானுங்க.
எட்டு நாள் தூங்கினேன்.

ஒன்பதாம் நாள்
பேக்கிங் லைன் கவியரசு
மௌஸின் வலதுபக்கத்தைத் தட்டி
பக்கத்தின் உள்தையலைப் பிரித்து
0.60ஐ 0.90 ஆக்கிச் சேமித்திருந்தான்.
தனக்கில்லை.
அட்டைப்பெட்டி கட்டுகிற
ஒடிசாக்காரர்கள் இரண்டு பேருக்கு.
“மத்த கம்பெனில அதுதானுங்க ரேட்டு,
வேணும்னா போய்க் கேட்டுப் பாருங்க.”
போய்க் கேட்டேன்.
அதுதான் ரேட்டு.

சாயம் பூட்டாகாது.
சாயப்பட்டறை ஊரில் பிறந்துவிட்டு
இதைத் தெரிந்துகொள்ள எனக்கு
முப்பத்துநாலு வயசாகியிருக்கிறது.
திரையில் நான் பூசியது
திரைக்கு அந்தப் பக்கம் இருப்பவன் கையில்.
அவன் துவைக்கலாம், வெளுக்கலாம்.

இப்போது சர்வரில் இருப்பது வேறு.
ரேட் என்று எது வந்தாலும் கேட்காதே.
ஒன்றுமே வராவிட்டாலும் அழிக்காதே.
உன் ஏட்டில் இருப்பதை எடு.
மாற்ற வருகிறவன் யாரென்று
வாசலில் இல்லை, உள்ளே வைத்துக் கேள்.

கடைசியாக ஒரு சோதனை எழுதி
அதற்கு மயிலாத்தாள் என்று பெயர் வைத்தேன்.
ரேட் கட்டமே இல்லாத படிவம் ஒன்றை அனுப்பும்.
கூலி 3352.20 வரவேண்டும்.
நிரலில் ஒரு புள்ளி மாற்றினாலும்
முதலில் அவர் கூலி எண்ணப்படும்,
பச்சை விழுந்த பிறகுதான் மற்றதெல்லாம்.
அவருக்கு இது தெரியாது.
திங்கட்கிழமை பணம் வந்துவிட்டது,
அதோடு அவர் மறந்திருப்பார்.

அந்த 0.90ஐ
0.60க்குத் திருப்பியதும் நான்தான்.
அரை நிமிஷ வேலை.
அவர்கள் இரண்டு பேர் பெயரிலும்
சோதனை எழுத உட்கார்ந்தேன்.
எந்தத் தொகை வந்தால் சரி என்று
எழுத வேண்டிய வரியில்
கர்சர் இன்னும்
மின்னிக்கொண்டிருக்கிறது.