மணலில் ஒத்திகை

சுவிஸிலிருந்து துஷ்யந்தி கொண்டுவந்த பெட்டியில்
பாதி சொக்லேட்.
மீதியில் ஆட்டு மயிர் பதித்த இரண்டு நீளப் பட்டைகள்,
மடக்குக் கோல், அலுமினிய மண்வெட்டி,
தோள்வார் வைத்த இரண்டு கைக்கருவிகள்.
இங்கிருந்து போய் இறங்கியதும் நேரே மலையாம்.
நாலு பேர், மூன்று இரவு,
கம்பி வண்டி ஏறாத பக்கம்.

"சறுக்குக் கட்டையில எப்பிடியடி மேல ஏறுறது?"
பட்டையை நீட்டினாள். தடவிப் பார்.
முன்னுக்கு வழுக்கியது,
பின்னுக்கு இழுக்க உள்ளங்கையைப் பிடித்தது.
வெள்ளவத்தைச் சந்தையில் சுறா வாங்கிய கைக்கு
அதற்குமேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

பல்கனிக் கொடியில் அதைக் காயப் போட்டாள்.
முப்பத்தொரு பாகையில் பசை இளகி
அம்மாவின் நைட்டியோடு ஒட்டிக்கொண்டது.
பிய்த்தெடுத்த சத்தம் கீழ்வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

நத்தாருக்கு மறுநாள் காலை
தண்டவாளம் கடந்து, கருங்கல் இறங்கி,
என் சாப்பாட்டுப் பெட்டிக்குள் ஒரு கருவியை வைத்து
மணலில் எங்கோ தாட்டாள்.
"அதுதான் நான். கெதியாத் தேடு, மச்சாள்."

முப்பத்தெட்டு.
அம்புக்குறி நேரே காட்டாது, வளைந்துதான் கூட்டிப் போகும்.
இருபத்திரண்டு.
மருதானை ரயில் கடக்க, எண் குழம்பி நாற்பதானது.
"ஃபோனைத் தூரப் போடு!" என்று கத்தினாள்.
கடலை விற்கிற பெடியன் என் பின்னால் வந்தான்,
அவனுக்குப் பின்னால் ஒரு நாய்.
ஒன்பது.
மூன்று தசம் ஒன்று. முழங்காலில் இற.

"மொக்கத நோனா கரன்னே?"
பொலிஸ்காரர். சட்டையில் வீரக்கோன் என்றிருந்தது.
சிங்களத்தில் பனிக்குச் சொல் தெரியும்,
அது மலையோடு பெயர்ந்து ஆளை மூடுவதற்குத் தெரியாது.
ஒரு கையை மலையாக்கி
மறுகையால் அதைச் சரித்துக் காட்டினேன்.
அவருக்கு உடனே விளங்கியது,
நான் எதிர்பார்த்ததைவிடக் கெதியாய்.

பிறகு மணிக்கூட்டைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார்.
ஒன்பது இருபத்தைந்து.
பெடியன் தட்டை இறக்கி வைத்தான்.
துஷ்யந்தி என்னைப் பார்த்தாள், கடலைப் பார்த்தாள்,
கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.
பீப் பீப் என்றதை நான் அணைத்தேன்.
மணலுக்குள் இருந்ததை யாரும் அணைக்க முடியாது.
இரண்டு நிமிடமும் அது
விநாடிக்கொரு தரம் அனுப்பிக்கொண்டுதான் இருந்திருக்கும்.

அதன் பிறகு தோண்டினோம்.
தொப்பியைக் கக்கத்தில் இடுக்கி அவரும் வெட்டினார்.
பெட்டி வந்தது, மூடியெல்லாம் ஈரம்.
பதினொரு நிமிடம் நாற்பது விநாடி.
"நிண்ட ரெண்டு நிமிசத்தைக் கழி," என்றேன்.
"அங்க கழிக்கேலாது," என்றாள். "சேர்த்துத்தான்.
பதினைஞ்சுக்குள்ள எண்டால் பெரும்பாலும் ஆள் இருக்கும்."

மண்வெட்டியைத் துடைத்துத் தந்தபடி அவர் கேட்டார்:
கருவி கட்டாத ஆளை இது காட்டுமா?
தமிழில் சொன்னேன்.
அவள் தலையாட்டினாள், இல்லையென்று.
அதற்குத்தான் கோல்.
வரிசையாய் நின்று, அடிக்கொரு குத்து.
வீரக்கோன் கோலை வாங்கினார்.
இரண்டரை மீற்றர் நீளத்தையும் ஒருமுறை பார்த்தார்.
ஒரே ஒரு இடத்தில் மணலைத் தொட்டார்,
கீழே யாருக்கும் நோகக் கூடாது என்பதுபோல்.
திருப்பித் தந்துவிட்டுப் படியேறிப் போனார்.

தை இரண்டாம் தேதி
கந்தோரில் மத்தியானம் படம் வந்தது.
வெள்ளைச் சரிவு, அதில் இழைத்தையல்போல் வளைந்தேறும் தடம்.
"அபாயம் மூண்டு. உச்சிக்குப் போகேல்ல, திரும்பீட்டம்."
படத்தில் மூன்று பேர்.
நாலாவது ஆள் படமெடுத்தவள்தான்.
தெரிந்தும் இன்னொரு தரம் எண்ணினேன்.

பெட்டியைத் திறக்கையில் மூடி நறநறத்தது.
எத்தனை தரம் கழுவியும் அந்த மணல் போகவில்லை.
சோற்றைத் தட்டில் கொட்டிச் சாப்பிட்டேன்.