விகுதி

ஆத்தூர் ரோட்டு ஜவ்வரிசி ஆலையில்
ஈரப்பதம் பார்க்கிற வேலை எனக்கு.
ஐந்து கிராம் எடுத்து, உலர்த்தி, மறுபடி எடை போட்டு,
காணாமல் போனது எவ்வளவு என்று எழுத வேண்டும்.

ஒன்பது வருஷமாக
"அவங்க" என்றே சொல்லி வந்தேன்.
அவங்களுக்கு ஏற்காட்டில் எஸ்டேட் வேலை.
அவங்களுக்குக் கத்தரிக்காய் ஆகாது.
சனிக்கிழமை கடைசி பஸ்ஸுக்கு நான் ஓடுவது
அவங்க காத்திருப்பாங்க என்பதால்.

மொழி எனக்குச் செய்த உபகாரம் அது.
மரியாதை விகுதிக்குள்
ஆணா பெண்ணா என்று யாருக்கும் தெரியாது.
லோகாம்பாள் அதற்கு ஒரு மீசை வரைந்துகொண்டாள்.
கணக்கர் பச்சியண்ணன்
மேனேஜர் பதவியும் போட்டுக் கொடுத்தார்.
ஒரு தீபாவளிக்கு, போனஸ் கவரோடு
"அவங்களுக்கு" என்று எட்டு முழ வேட்டி.
இருபது கொண்டை ஊசி வளைவும்
அது என் மடியில் இருந்தது.
ரெஜினா அதை ஜன்னலுக்குத் திரையாகத் தைத்தாள்.
பனி நேரத்துக்கு நன்றாகத்தான் இருக்கிறது
அந்த மயில்கழுத்துக் கரை.

மாசியில் அவளுக்குப் பித்தப்பையில் கல்.
பெரியாஸ்பத்திரியில் தேதி கொடுத்தார்கள்.

விடுப்புத் தாளில் "காரணம்" என்ற கோடு
சுண்டுவிரல் நீளம்.
அதில் என் அம்மாவை எத்தனையோ தடவை படுக்க வைத்திருக்கிறேன்.
இல்லாத சித்தியை
இரண்டு முறை சாகடித்திருக்கிறேன்.

"வீட்டுக்காரருக்கா?" என்றார் பச்சியண்ணன்.
கரண்ட் போய்
கிழங்கு அரைக்கிற மிஷின் நின்றிருந்தது.
தைரியம் என்று சொல்ல மாட்டேன்.
ராத்திரி முழுக்க அவள் முனகலுக்கு விழித்திருந்து
முதல் பஸ்ஸில் இறங்கி வந்தவள் நான்.
நாக்குக்கு அன்று
இலக்கணம் சுமக்கத் தெம்பில்லை.

"அவளுக்கு" என்றேன்.
"பேரு ரெஜினா. நானும் அவளும்தான் வீடு."

லோகாம்பாள் டிபன் பாக்ஸை
அழுத்தி மூடினாள்.
ஏற்கெனவே மூடியிருந்தது அது.
மறுநாளிலிருந்து எடைமேடைப் பக்கம் போய்ச் சாப்பிடுகிறாள்,
இன்றைக்கும் அப்படித்தான்.
மூட்டை இறக்கும் பையன்கள் ஒரு வாரம் சிரித்தார்கள்.
முதலாளி கூப்பிட்டனுப்பி
ஈரமானி சரியாக வேலை செய்கிறதா என்று மட்டும் கேட்டார்,
நாட்காட்டியைப் பார்த்தபடி.

அன்று பச்சியண்ணன்
வெகுநேரம் தாளையே பார்த்திருந்தார்.
"கல்லு பெருசா?"
"பதினொரு மில்லி."
"என் மச்சானுக்கும் வந்துச்சு" என்று
வலது விலாவைத் தொட்டுக்கொண்டார்.
அந்தக் கோட்டில் அவரே எதையோ எழுதினார்.
நான் எட்டிப் பார்க்கவில்லை.

திரும்பி வேலைக்கு வந்த திங்கட்கிழமை.
தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தேன்.
வாசலில் நின்று செருப்பைத் தேய்த்தார்.
"அவ..." என்று தொடங்கி,
தொண்டையைச் செருமிக்கொண்டு,
"அவங்க சாப்பிடறாங்களா?"

அதே பழைய வார்த்தை.
மீசை இல்லாமல் வந்திருந்தது.

"சாப்பிடறாங்க" என்றேன்.
"தயிர்சாதம் மட்டும்."