இதர மரங்கள்

தாளூர் செக்போஸ்ட் தாண்டிக் கால்மணி நடை.
குரியாச்சனின் பதினோரு ஏக்கர்.
அங்கே காப்பிச் செடிக்கு
வலை கட்டப் போனேன், நாள்கூலிக்கு.

பூச்சி நுழையலாம், பறவை கூடாது.
அந்த அளவுக்குக் கண் வைத்த நைலான்.
இருபது செடிக்கு வலை,
இருபது அப்படியே.
வாரத்துக்கொரு முறை இலைகளைப் புரட்டி
ஓட்டைகளை எண்ணிச் சொல்ல வேண்டும்.
ஷஹனாஸ் எழுதிக்கொள்வாள்.

மூன்றாம் வாரம்
வலைக்குள் எல்லாம் சல்லடை.
பந்தியில் உட்கார்ந்த புழுக்கள்
இலையை மடித்து எழுந்திருக்கவே இல்லை.
ஒரு முழம் தள்ளி
பசேலென்று நின்றது அதே வயசுச் செடி.

நடுவே இருந்தது
ஒரு பச்சைக் குருவி,
இரண்டு ஒற்றை ரூபாய்க் காசின் எடை.
புரட்டாசியில் இமயத்துப் பக்கமிருந்து வருமாம்,
சித்திரையில் போய்விடுமாம்.
நாங்களும் சீசனுக்கு வருகிறவர்கள்தான்;
அதற்கு மேஸ்திரி இல்லை,
முன்பணக் கடன் இல்லை.

பிறகு மரக்கணக்கு.
தாளில் மூன்றே கட்டம்:
சில்வர் ஓக், பலா, இதர.
பழம் பறித்துக்கொண்டிருந்த கெம்பி
சிரித்துவிட்டாள்.
ஈட்டி, அயனி, முள்முருங்கை, வெண்தேக்கு,
நாவல், கல்லத்தி, இலவு...
அவள் சொல்ல, நான் தமிழில் எழுத,
ஷஹனாஸ் மலையாளத்தில் திருத்த,
முப்பத்தொன்று ஆனது இதர.
ஓடைக்கரையில் ஒன்றுக்கு மட்டும்
மூன்று பேரிடமும் பேரில்லை.
அதன் மொட்டை நுனியில்தான்
கரிச்சான் தினமும் வந்து உட்காரும்.

மரவியாபாரி சுண்ணாம்பு டப்பாவோடு வந்தான்.
மகளுக்கு நர்சிங் ஃபீஸ், என்றார் குரியாச்சன்.
சில்வர் ஓக் நிற்கட்டும், மிளகு ஏறும்.
மற்றதெல்லாம் நிழல்தானே.

ஷஹனாஸ் ஒன்றும் பேசவில்லை.
இரண்டு இலைகளை அவர் கையில் வைத்தாள்.
சல்லடை இலையை வெயிலுக்குத் தூக்கிப் பிடித்தார்.
முகமெல்லாம் வெளிச்சப் புள்ளி.
மருந்து லிட்டர் என்ன விலை என்று
என்னைத்தான் கேட்டார்.
சொன்னேன். விரல்விட்டு எண்ணினார்.
முதல் கையிலேயே நிறுத்தினார்.

சாயங்காலம் ஈரச் சாக்கோடு போய்
ஒன்பது மரத்தில் சுண்ணாம்பைத் துடைத்தார்.
மீதி லாரியில் போனது,
கெம்பி சொன்ன இலவும்.
பேரில்லாத மரத்தின் முன் வெகுநேரம் நின்று
இது எதில் வரும் என்றார்.
இதர, என்றேன்.
சாக்கை மறுபடி நனைத்தார்.

கடைசி நாள் வலை அவிழ்த்தேன்.
நாலாவது முடிச்சு நகத்தில் சிக்கியது.
கையை உதறி நிமிர்வதற்குள்
மூன்றாவது செடியில்
வேலை தொடங்கியிருந்தது.