பதினான்காவது கேள்வி

லாபிஸ் டவுனில், மூடிப்போன சினிமாக் கொட்டகையின் மேல்மாடி.
சனிக்கிழமை. ஓவர்டைம் போச்சு.
பத்தொன்பது பேர் நாங்கள், பிரஸ், பாய்லர், ஸ்டெரிலைசர்,
பள்ளிக்கூட நாற்காலிகளில் முட்டி இடிக்க.
ஆளுக்கொரு நாசி லெமாக் பொட்டலம்,
கழுத்தில் மாட்ட ஓர் அட்டை.
அதில் குழந்தைவேலு பாதியில் தீர்ந்திருந்தது.
இரண்டு வருடத்துக்கு ஒரு முறை
நான் புதிதாய்ப் பிறக்க வேண்டும்:
ஹெல்மெட் என்றால் என்ன. பூட்ஸ் என்றால் என்ன.

ஷா ஆலத்திலிருந்து வந்த பிள்ளை. நல்ல பிள்ளைதான்.
எங்களை பாக்சிக் என்றான்.
வெந்த பழத்தின் வாடை சட்டையில் ஏறினால் போகாது என்று
அவனுக்குத் தெரியாதது அவன் குற்றமில்லை.
திரையில் ஒரு படம் போட்டான்:
ஒரு கையுறை, கன்வேயர் சங்கிலிக்குள் பாதி.
கீழே சிவப்பில், தொழிலாளியின் கவனக்குறைவு.

அது அந்தோணிசாமியின் கையுறை.
காப்புத் தகட்டை முந்தின வாரம் கழற்றச் சொன்ன வாய்
படத்தில் இல்லை.
அந்தோணி எனக்கு முன் வரிசையில்
மிச்சமிருந்த மூன்று விரலால்
பொட்டலக் காகிதத்தை மடித்தான்,
மடித்ததை மடித்தான்,
இனி மடிக்க முடியாத அளவுக்கு.

பிறகு பரீட்சை. பதினான்காவது கேள்வி:
நீராவிக் கலனின் கதவை எப்போது திறக்கலாம்?

இருபத்தாறு வருடம் திறந்தவனிடம் கேட்கிறது தாள்.

எங்கள் இரண்டாம் நம்பரில் முள் பூஜ்யத்துக்கு வராது.
இரண்டு பவுண்டில் நின்றுகொள்ளும்,
வட்டிக்காரன் வாசலை விட்டுப் போகாத மாதிரி.
மாற்றச் சொல்லி மூன்று கடிதம்.
கிராணியின் பைலில் மூன்றும் சுகம்.
நான் முள்ளைப் பார்ப்பதில்லை.
சோதனைக் குழாயைத் திறந்துவிட்டு நிற்பேன்.
முதலில் சீற்றம். பிறகு இருமல்.
பிறகு தூங்குகிறவன் மூச்சு.
பிறகு அதுவும் இல்லை.
அந்த 'இல்லை'யில்தான் திறப்பேன்.

நான்கு கட்டங்களில் அதற்கொரு கட்டமில்லை.
ஓரத்தில் எழுதினேன்.
ஓரத்துக்கு மார்க் கிடையாது.
பதினைந்து வேண்டும். பதினான்கு வந்தது.
பஞ்ச் கார்டு மெஷினுக்கு மேலே ஒட்டினார்கள்.
ஆலைக்கு வந்து நாலே மாதமான ரஃபிகுலுக்குப் பதினெட்டு.
பாவம், சிரிக்காமல் இருக்க ரொம்பச் சிரமப்பட்டான்.

அடுத்த சனிக்கிழமை மறுபடி போய்
'ஆ'வைக் கறுப்பாக்கினேன்:
முள் பூஜ்யத்தில் நின்ற பிறகு.
சான்றிதழுக்கு பிளாஸ்டிக் உறை போட்டே தந்தார்கள்.

திங்கள் இரவு. பழம் குவிகிற மாதம்,
லோரிகள் மெயின் ரோடு வரைக்கும்.
கலன் வெந்து முடிந்தது. குழாய் அடங்கியது.
காது சரி என்றது.
முள் இரண்டில்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

பத்து நிமிடம். இருபது.
அரைக்கப் பழமில்லாமல் பிரஸ் நின்றது.
பாய்லர்க்காரன் என் பரம்பரையை விசாரித்தான்.
நாற்பதாவது நிமிடம் மேனேஜர் தியோ,
அரைக்கால் சட்டையும் வெள்ளை ஹெல்மெட்டுமாய்:
'புக்கா லா, வேலு. திற. உனக்குத்தான் தெரியுமே.'

எனக்குத் தெரியும் என்று
இந்த ஆலை சொல்லிக் கேட்டது அன்றைக்குத்தான்.
நடுராத்திரி, சாட்சியில்லாமல்.
'எழுதிக் குடுங்க பாஸ்.'

பேனா இருந்தது. எழுதவில்லை.

ஸ்டோர் சாவி வந்தது.
மேல்தட்டில், எண்ணெய்க் காகிதம் பிரிக்காமல்,
புது மீட்டர். பெட்டியின் மேல்
போன வருடத்துக்கு முந்தின வருடத் தேதி.
யாரும் யாரையும் பார்க்கவில்லை.
அந்தோணிதான் மாட்டினான்.
பன்னிரண்டு நிமிடம், மூன்று விரல்.

முள் பூஜ்யத்தில் வந்து நின்றது,
சொன்ன பேச்சுக் கேட்கிற முள்.
'ஆ' சரியான விடைதான். நான் மறுக்கவில்லை.

ஆனாலும் குழாயைத் திறந்து,
ஒன்றுமே கேட்காத வரைக்கும்
கேட்டுக்கொண்டு நின்றேன்.
தியோ கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.