தரை எங்கே என்று

ஒவ்வொரு முகத்துக்கும் பிறகு
நுரைப்பஞ்சைத் துடைப்பது என் வேலை.
வால்பரைசோவில், ஒரு குன்றின் முதுகில்,
கலைக்கல்லூரியின் பதினொன்றாம் அறை.
ஆறு ஹெட்செட்டுகள், ஆறு ஆணிகள்,
ஒரு புட்டி ஆல்கஹால்.
வந்துபோனவர் யாரென்று
பஞ்சைப் பார்த்தே சொல்வேன்:
நீல மை என்றால் ஆடை வடிவமைப்பு,
களிமண் என்றால் சிற்பத்துறை,
புகையிலை வாசம் என்றால் துறைத்தலைவி ஓதிலியா,
விட்டுவிட்டதாக எல்லோரிடமும் சொல்லியிருப்பவர்.

வெளியே நிற்பவனுக்கு
இந்தக் கலை இப்படித்தான் தெரியும்:
ஒருத்தி காற்றில் கதவு திறப்பாள்.
ஒருவன் இல்லாத படிக்குக் காலைத் தூக்கி
இருக்கிற தரையில் தடுமாறுவான்.
கட்டடவியல் ஆசிரியர் ஒருமுறை
மேசையில் சாயப்போனார்,
மேசை உள்ளே மட்டும்தான் இருந்தது.
அதற்கும் ஒரு பதிவேடு உண்டு.

அன்று இறுதி மதிப்பீடு.
ரயென் கட்டியிருந்தது ஒரே ஓர் அறை:
துறைமுகப் பாரந்தூக்கியின் உச்சிக் கூண்டு.
நாற்பது மீட்டர். காலடியில் கண்ணாடி.
அவள் அம்மா ஷிஃப்டுக்கு ஷிஃப்டு உட்காரும் இருக்கை,
கிழிந்த கைப்பிடி உட்பட.
கீழே கொள்கலன்களைப் பார்த்துத்
தீப்பெட்டி என்று யாராவது சொன்னால்
ரயென் உடனே திருத்துவாள்:
"ஒவ்வொன்றும் முப்பது டன்."

செதுக்கச்சு ஆசிரியர் பாரியெந்தோஸ்
ஏணியில் மூன்றாம் படிக்கு மேல் ஏறாதவர்.
மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னிடம் தந்தார்,
திரும்ப வாங்கி மாட்டினார், மறுபடி தந்தார்.
"கேபிளைப் பிடித்துக்கொள்" என்றார்,
அது ஏதோ தாம்புக்கயிறு போல.
பிறகு உள்ளே போனார்;
அதாவது, அங்கேயேதான் நின்றார்.

நான்காவது நிமிடம் அது வந்தது.
முதலில் நாய்கள். பிறகு கரண்டி,
கோப்பைக்குள் தானாக ஒலித்தது.
விளக்கு ஒரு பக்கமாகப் போய்த் திரும்பியது.
இந்த ஊர்க்காரர்களுக்கு எண்ணத் தெரியும்:
பத்துக்குள் நின்றால் பேச்சைத் தொடரலாம்.
தோமாசா வாசல் நிலையில் போய் நின்றாள்.
ஓதிலியா தன் காப்பியைக் கையிலெடுத்துக் காப்பாற்றினார்.
நடுவில் ஒருவர், கண் மூடப்பட்டு,
கடலைப் பார்த்தபடி சொன்னார்:
"அடடா. காற்றில் கூண்டு ஆடுவதை
எப்படியம்மா இவ்வளவு துல்லியமாக..."

ஏழு.
நின்றது.

யாரும் வாய் திறக்கவில்லை.
கேபிள் என் கையில்;
சொல்லியிருக்க வேண்டியவன் நான்.
ரயென் என்னைப் பார்த்தாள், விளக்கைப் பார்த்தாள்,
"நன்றி, புரொஃபெசர்" என்றாள்.

ஏழுக்கு ஆறரை போட்டார்.
குறிப்பில்: அசைவு மிக இயல்பு.

மாலையில் அவள் தனியாக வந்தாள்.
சுவரிலிருக்கும் உணர்கருவிகளும்
அறையோடு சேர்ந்து ஆடியிருந்தன.
அந்த ஏழு வினாடியும் கோப்பில் இருந்தது,
முந்நூறு கிலோபைட்.
"இதை உள்ளே சேர்த்துவிட்டால்
காலையில் நான் பொய் சொன்னதாக ஆகாது, இல்லையா?"
இறந்தகாலத்தை அப்படித் திருத்தலாமா, தெரியவில்லை.
பென்டிரைவ் கொடுத்தேன்.

பதிவேட்டில் கையெழுத்திட வந்த பாரியெந்தோஸ்
கோட்டுக்குள் ஒரு கையை மட்டும் நுழைத்தபடி கேட்டார்:
"எவ்வளவு? ஐந்தா?"
"நான்கு புள்ளி ஒன்பது. வானொலியில் சொன்னார்கள்."
"ம்."
இன்னொரு கையையும் நுழைத்துக்கொண்டார்.
குன்றிறங்கும் மின்பெட்டி காலியாகக் காத்திருக்க
எப்போதும்போல் படிக்கட்டிலேயே போனார்,
இருநூற்றுப் பதினான்கு படி.

அவருடைய பஞ்சு காய்ந்தே இருந்தது.
இருந்தாலும் துடைத்தேன்.

அதிர்வுக்குப் பின் ஒவ்வொரு முறையும்
இந்த இயந்திரங்கள் தரையை மறந்துவிடும்.
மண்டியிட்டு, கைக்கருவியைக் கீழே வைத்து,
இதுதான், இங்கேதான் என்று
சொல்லித்தர வேண்டும்.
வைத்தேன்.
திரையில் வட்டம் சுற்றத் தொடங்கியது.
பதிவேட்டின் சேதம் என்ற கட்டத்தில்
இல்லை என்று எழுதிவிட்டு
ஒரு கையைத் தரையில் ஊன்றி
அது நம்பும்வரை காத்திருந்தேன்.