அது இறங்கும் முறை

ஐஸைப் போடு என்றான் ஜெரால்டு.
பறப்பது எதுவானாலும் ஐஸுக்கு இரண்டு மடங்கு வலிக்குமாம்.
காசிமேட்டில் ஐஸ் கம்பெனியில் பில் போடுகிறவளிடம் வந்து
சொல்கிறான்.
கரண்ட் வை என்றாள் ஷம்ஷாத்.
எண்ணூர்ப் புகைபோக்கியைப் பார்த்தபடியே
ஆறரைக்குப் போய்
ஏழே முக்காலுக்கு வருகிற கரண்ட்.
கல்லால் அடி என்றார்கள் மற்றவர்கள்.
கல்லுக்கென்ன பஞ்சம்,
கடலோரம் முழுக்கக் கொட்டி வைத்திருக்கிறார்களே.

என்னிடம் இருப்பது சேத்தாமை.
மண் வகை.
ஷேர் ஆட்டோவில், ரேஷன் வரிசையில்,
ஸ்டான்லி ஆஸ்பத்திரி பெஞ்சில் அம்மாவின் டோக்கன் வரும்வரை
கீறல் விழுந்த கண்ணாடியில் விரல் தேயத் தேய
அறுபத்தொன்றாம் நிலை வரை வளர்த்தது.
அதன் நிலநடுக்கம்
தரையில் கால் ஊன்றிய எதையும் சாய்க்கும்.
பறப்பதைத் தொடாது.
குறைவாகப் படும் என்றில்லை.
படவே படாது.
'பலனில்லை' என்று திரையில் எழுத்து வரும்.

கொருக்குப்பேட்டை தணிகாசலத்துக்கு
ஆறும் இறகு.
மொட்டை மாடியிலும் இறகுதான், நாற்பது பந்தயப் புறா.
ஞாயிறு ராத்திரி, தண்டையார்பேட்டை செல்போன் கடை,
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு இறுதி ஆட்டம்.
பரிசு ஒரு பவர் பேங்க்.

பனிநாய் ஒரே ஒரு கடி கடித்தது.
அவனுடைய சூறைச்சிறகிக்கு முக்கால் உயிர் போனது.
ஜெரால்டு விசிலடித்து முடிப்பதற்குள்
பனிநாயும் போனது.
கல்லுருட்டி அதற்கு முன்பே காலி.
மின்விலாங்கை எப்போது இழந்தேன்
என்று இப்போது யோசித்தாலும் தெரியவில்லை.

கடைசியாக ஆமை.

'அத்த வெச்சிகினு இன்னா பண்ணுவ?'
கேலி இல்லை அவன் குரலில்.
நிஜமாகவே கேட்டான்.

நிலநடுக்கம் அழுத்தினேன்.
பலனில்லை.
மறுபடி.
பலனில்லை.
ஓடு விரிசல் விட்டது. யாரோ சிரித்தார்கள்.
ஷம்ஷாத் என் முழங்கையைக் கிள்ளினாள்.

ஏலக்கூடத்துத் தகரக் கூரையைத் தினமும் பார்க்கிறேன்.
கூடையிலிருந்து மீனை அடித்துக்கொண்டு போகிற பருந்து
தின்பதற்கு எங்கேயாவது உட்கார்ந்தாக வேண்டும்.
விளையாட்டிலும் அப்படித்தான்,
யாரும் தொட்டுப் பார்க்காத விளக்கத்தில்
பொடி எழுத்தில் இருக்கிறது:
சிறகு மடக்கினால் பாதி உயிர் திரும்பும்,
அந்த ஒரு முறைக்கு மட்டும்
அது பறக்கும் வகை அல்ல.
பொடி எழுத்து படித்துத்தான் எனக்குச் சம்பளம்.

அவனுக்கு இன்னும் இரண்டே அடி.
அடித்திருந்தால் முடிந்திருக்கும்.
ஆனால் கால் உயிரோடு
சிவப்பில் துடித்துக்கொண்டிருந்தது சூறைச்சிறகி.
அடிபட்ட பறவையைக் காற்றில் விட்டுவைக்க
அவன் கைக்கு வராது.
அந்த மாடியை நான் பார்த்திருக்கிறேன்.
தையல் போட்ட புறா ஒன்றை
பனியனுக்குள் வைத்துக்கொண்டு சோறு தின்றவன்.

இறக்கினான்.

சேத்தாமை மந்தம்.
எந்த முறையிலும் இரண்டாவதாகத்தான் அடிக்கும்.
அதுதான் வேண்டியிருந்தது.
சிறகை மடக்கி, கழுத்தைச் சாய்த்து
அது தரையில் அமர்ந்த பிறகு
தரை நடுங்கியது.

ஜெரால்டு என்னைத் தூக்கிவிடப் பார்த்தான்.
தணிகாசலம் போனைக் குப்புற வைத்துவிட்டு
ஷட்டருக்குக் கீழே குனிந்து வெளியே போனான்.

பவர் பேங்கில் சார்ஜ் இல்லை.

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தது.
சைக்கிளோடு அவனும் நின்றிருந்தான்.
டேங்கர் வண்டி, ஒன்றன்பின் ஒன்றாக, முடிகிற வழியாக இல்லை.
'இறக்குவன்னு தெரியுமா உனக்கு?'
தெரியும் என்று சொல்ல வாய் வரவில்லை.
பில் புத்தகத்தை மார்போடு பிடித்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து
என்னிடம் இல்லாத மாதிரிச் சொன்னான்:
காலையில் நெல்லூரில் விட்டது,
சாம்பல் கழுத்து,
மற்றதெல்லாம் பதினொரு மணிக்கே வந்தாச்சு.

ரெண்டு பேரும் மேலே பார்த்தோம்.
மணலிப் பக்கம் எரிகிற கொழுந்தின் வெளிச்சத்தில்
மேகத்தின் அடிவயிறு மட்டும் தெரிந்தது.

கூண்டைச் சாத்தாமல் வந்திருக்கேன் என்றான்.
கேட் திறந்தது.