இறக்கம்

பென்சிகர் அண்ணன் வண்டியை
இறக்கத்தில்தான் நிறுத்துவார்.
அரசமூட்டில் சாயா குடிக்கவும்
கடையைப் பார்ப்பதில்லை,
ரோட்டின் சாய்வைப் பார்ப்பார்.
முன் சக்கரத்துக்கு அடை கொடுக்க ஒரு கல்.
ரப்பர் ஷீட்டோடு ஷீட்டாக
அதுவும் தினமும் குலசேகரம் போய்வரும்.

இரண்டு மழைக்காலம் இப்படி.
விடியலில் சாவி திருப்பினால்
நீண்ட இருமல், வெள்ளைப் புகை,
பிறகு ஒன்றுமில்லை.
தவணையில் புது பேட்டரி.
செல்ஃப் மோட்டாரைக் கழற்றித் தக்கலையில் கொடுத்து வாங்கினார்.
டீசல் பில்டர்.
குருசடியில் ஒரு கட்டு மெழுகுதிரி.
ஹீட்டர் பிளக்காக இருக்கும் என்ற ஒரே ஆளிடம்
"நம்ம ஊரு என்ன காஷ்மீராடே?" என்றாராம்.

என் ஒர்க்‌ஷாப் சமதரையில் இருக்கிறது.
இத்தனை நாள் அவர் வராததற்கு
அதுதான் காரணம்.
ஆனி மாதம், மலை இருக்கும் இடமே தெரியாத மழையில்
நாலு பேர் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

டாஷ்போர்டில் சுருள் விளக்கு எரிந்தது.
ஏழு எண்ணுவதற்குள் அணைந்தது.
"பாத்தியா, அதெல்லாம் சரியாத்தான் கெடக்கு."
அந்த விளக்குக்கு ஒன்றும் தெரியாது அண்ணே.
நேரமாச்சு என்று சொல்லும்,
சூடாச்சா என்று அதனிடம் கேட்கக் கூடாது.

ரிலே நல்லது. பட்டை வரை கரண்ட் வருகிறது.
எட்டாம் நம்பர் நட்டு நாலையும் கழற்றிப்
பட்டையைத் தூக்கினேன்.
அது இருக்கும்வரை நாலும் ஒரே குரலில் பதில் சொல்லும்.
பிரித்தால்தான் செத்தது யாரென்று தெரியும்.

மீட்டரின் கறுப்பு முனை இன்ஜின் உடம்பில்,
சிவப்பு முதல் பிளக்கின் தலையில்:
திரையின் இடது ஓரத்தில் தனியாக ஒரு ஒன்று.
அது எண் இல்லை,
வழி அடைந்துவிட்டது என்று அர்த்தம்.
இரண்டாவதும் அப்படியே.
மூன்று: பூஜ்யம் புள்ளி எட்டு.
நாலுக்கு மறுபடி அந்த ஒற்றை ஒன்று.

மூன்றாவது மட்டும் ரெண்டு வருஷமாய்த்
தன் அறையில் தனியே தீ மூட்டியிருக்கிறது.

குளிர்ந்த இன்ஜினில் பிளக்கைத் தொடக் கூடாது.
ஒரு ஜீப்பில் கட்டி இழுத்து ஸ்டார்ட் ஆக்கி
தண்ணீர் கொதிக்கும் வரை ஓடவிட்டேன்.
மூன்று பிளக் முரண்டு இல்லாமல் வந்தன.
நாலாவது கால் திருகு வந்தது, நின்றது.
எண்ணெய் விட்டேன். பின்னால், முன்னால், பின்னால்.
உள்ளே முறிந்தால் ஹெட்டையே இறக்க வேண்டும்.
அதை அவரிடம் சொல்லவில்லை.
ஸ்பானர் பிடித்த கைக்குள் ஒரு கீச்சுச் சத்தம்,
அப்புறம் வந்தது,
நுனி வீங்கி வெடித்து,
மாறாமலைக் கிராம்பு ஒன்று கருகினாற்போல்.

புதியதைப் பூட்டும் முன்
குறட்டில் பிடித்துப் பேட்டரி ஒயரைத் தொட்டுக் காட்டினேன்.
நுனி சிவந்தது.
கூரை ஒழுக்கில் ஒரு சொட்டு அதன்மேல் விழுந்து
'சொய்' என்று இல்லாமல் போனது.
அண்ணன் விரலை நீட்டினார். தட்டிவிட்டேன்.

உயிரோடிருந்த மூன்றாவதையும் மாற்றினேன்.
"அது நல்லாத்தானே இருக்கு?"
களைச்சுப் போயிருக்கும் அண்ணே.
அதை மட்டும் துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

இன்ஜின் ஆறட்டும் என்று சாயங்காலம் வரை காத்திருந்தோம்.
சாவி. ஏழு நொடி.
ஒரே பிடியில் எடுத்தது.

அவர் சிரிக்கவில்லை.
"ராஜாக்கமங்கலத்தில ராத்திரி தங்கலாமா?" என்றார்.

தங்கை ஜசிந்தாவைக் கட்டிக்கொடுத்த இடம்.
வீட்டு வாசலிலிருந்து கடல் வரை
கைப்பிடி இறக்கம் கிடையாது, மணல்தான்.
குழந்தையின் ஞானஸ்நானத்துக்குப் போனபோது
இவர் சோறு உண்டு முடிக்கும் வரை
வெளியே இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்ததாம்.
சூட்டில் எடுக்கும் வண்டிதான்,
பயத்துக்கு அந்தக் கணக்கு தெரியாது.
"வண்டிய அணைக்கக்கூட மனசில்லையா உனக்கு?"
என்று கேட்டாளாம்.
இவர் காரணம் சொல்லவில்லை.

தங்கலாம் அண்ணே.

எழுநூறு பாக்கி வைத்துவிட்டுக் கிளம்பினார்.
கல் என் வாசலிலேயே கிடந்தது.
வளைவு வரை போன வண்டி
ரிவர்ஸில் வந்து
அதை எடுத்துக்கொண்டு போனது.